வெட்ட வளரும் புண்

நாவற்குடா, பாடசாலை முகாம்
01.02.2005

தங்கச்சி,

சுகம் என்று எழுதினால் பொய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

டிலக்சனின் முப்பத்தோராம் நாள் போன கிழமை முடிந்தது. உடல் கிடைக்காத பிள்ளைக்கு எப்படிச் செய்வது என்று ஐயர் யோசித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் இருந்ததெல்லாம் கடலோடு போய்விட்டது. தையற்காரரிடம் கொடுத்திருந்த பள்ளிக்கூடச் சட்டை மட்டும்தான் மிச்சம். தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போக இருந்த புதுச் சட்டை. அதை வைத்துத்தான் செய்தோம்.

நடந்ததை நீ வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். நானே சொல்கிறேன். அவன் என் கையில்தான் இருந்தான். நான் கையை விடவில்லை. தண்ணீர்தான் பிடுங்கியது. அத்தான் சந்தைக்குப் போயிருந்தார். வந்து பார்த்தபோது நான் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

எல்லோரும் வந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்தார்கள். அப்பா மண்டூரிலிருந்து ஆறு தாண்டிச் சைக்கிளில் வந்தார். "தக்ஷாயினி எங்க?" என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி, "அவளுக்கு வயிறு சரியில்ல மகள்" என்றார்.

வயிறு. என் பிள்ளையைக் கடல் கொண்டுபோயிருக்கிறது, உனக்கு வயிற்றுவலி. அவனுக்குப் பெயர் வைத்தவள் நீ. இனி வராதே. வந்தாலும் நான் பேசப் போவதில்லை.

அன்னப்பூரணி


மண்டூர்
09.02.2005

அக்கா,

பேசப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வாசிக்கமாட்டேன் என்று எழுதவில்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாளன்று காலையில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அப்பாவோடு புறப்பட்டேன். துறையில் பாதைப் படகு அக்கரையில் நின்றது. அது வந்து சேரும்வரை சனத்தோடு வரிசையில் நின்றேன். வயிறு முறுக்கியது. கண்ணாப் பற்றைகளுக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வரும்போது சேலையின் பின்பக்கம் முழுவதும் இரத்தம். அப்பாவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் பெறாமகனின் செத்தவீட்டுக்கு நான் போன தூரம் அவ்வளவுதான்.

இது இன்று நேற்று வந்ததல்ல. இரண்டு வருடமாக இருக்கிறது. சளியும் இரத்தமுமாகப் போகிறது, சில நாட்களில் கக்கூசை விட்டு வரவே முடிவதில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பாடச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடுவேன். பாட்டு முடிவதற்குள் வந்துவிட வேண்டும். மூலமாக இருக்கும் என்று நினைத்தேன். பெண்பிள்ளை இதை யாரிடம் சொல்வது? அப்பாவுக்கே சேலையைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மார்கழியில் கால்களின் முன்பக்கத்தில் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள் வந்தன. தோலுக்கு அடியில் சூடான கல்லைப் புதைத்தது போல இருக்கும், தொட ஏலாது. அவை தானாக வற்றிவிட்டன. ஆனால் இடது காலில் சின்னப் பரு ஒன்று வந்து உடைந்தது. இப்போது அது ஒரு குழி. கொட்டைப்பாக்கு அளவு. ஓரமெல்லாம் நாவற்பழ நிறம்.

உன் துக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமேயில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதாமல் இருந்தேன். ஆனால் வர மனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று நீ நினைப்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

தக்ஷா


நாவற்குடா
15.02.2005

புள்ள,

உன் கடிதத்தை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன், கோபிக்காதே. அவர் உடனே எழும்பிப்போய் யாரிடமோ வான் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இக்கரைத் துறையில் வான் நிற்கும். பாதையில் மட்டும் நீ எப்படியாவது வந்துவிடு. கறுப்புப் பாவாடை கட்டு. மாற்றுத் துணி நான் கொண்டுவருகிறேன். டவுனில் கிளினிக் வைத்திருக்கிற சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் நல்லவராம்.

எனக்கு இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. விடிந்தால் வரிசை, பின்னேரம் வரிசை. ஒருவரைக் காப்பாற்றுகிற வேலை ஏதாவது கிடைத்தால் நல்லது. வா.

அக்கா


மண்டூர்
20.05.2005

அக்கா,

டவுன் கிளினிக்கில் புண்ணை வெட்டியதைப் பற்றி நீ இன்னும் அழுகிறாய் என்று அப்பா சொன்னார். அழாதே. "செத்த சதையெல்லாத்தையும் எடுத்தாத்தான் ஆறும்" என்று அந்த டொக்டர் சொன்னபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெட்டிய கிழமையே அது இரண்டு மடங்காகிவிட்டது. இரண்டாம் தரம் வெட்டினார், உள்ளங்கையளவு வந்தது. தன் கையால் செய்த வேலை ஏன் இப்படித் திரும்புகிறது என்று பாவம் அவருக்கே விளங்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அப்பா ஒரு பரிகாரியைக் கூட்டிவந்தார். அவர் ஏதோ இலைச்சாற்றை விட்டுச் சுட்டார். அந்த இடமும் திறந்துகொண்டது. இந்தப் புண்ணைத் தொடுகிற கை எதுவாக இருந்தாலும் அது கோபிக்கிறது.

இங்கே வேறு கதை நடக்கிறது. சித்திரை விடுமுறை முடிந்து பாலர் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அடுத்த நாள் இன்னும் குறைந்தார்கள். மூன்றாம் நாள் கிராமச் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். படலைக்கு வெளியே நின்றபடியே, "கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க டீச்சர்" என்றார்கள். பாதையில் எனக்குப் பக்கத்தில் ஆட்கள் உட்காருவதில்லை. ஆற்றுக்கு நடுவே தொழுநோய்க்காரரை வைத்திருக்கிற மாந்தீவுக்கு என்னை அனுப்ப வேண்டும் என்று ஒருத்தி நான் கேட்கும்படியாகவே சொன்னாள். அவளுடைய மகளுக்கு 'அ' எழுதக் கை பிடித்துக் கொடுத்தவள் நான்.

அப்பா வயல் வட்டையிலிருந்து வந்ததும் குளிக்காமல் நேராக வந்து காலைத்தான் பார்க்கிறார். அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

தக்ஷா


நாவற்குடா
11.07.2005

தங்கச்சி,

இதை நின்றபடியே எழுதுகிறேன்.

கடலால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று கொழும்பிலிருந்து டொக்டர்மார் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண் தோல் வருத்தம் பார்க்கிறவ. சிங்களம். காத்தான்குடி நேர்ஸ் ஒருத்தி, நபீஸா என்று பெயர், பக்கத்தில் இருந்து தமிழில் சொல்கிறாள். நான் என் தேமலைக் காட்டுகிற சாட்டில் போய், உன் காலைப் பற்றித்தான் சொன்னேன். அந்த டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நபீஸா சொன்னாள்:

"வயிறு எப்படியெண்டு டொக்டர் கேக்கிறா."

காலைப் பற்றிச் சொல்ல, வயிற்றைக் கேட்ட முதல் ஆள் அவ. எல்லாவற்றையும் சொன்னேன். அவ கதைக்கக் கதைக்க நபீஸா சொல்லிக்கொண்டே வந்தாள். "இது குட்டமில்ல. ஒருத்தருக்கும் ஒட்டாது. குடல்ல இருக்கிற வருத்தம்தான் தோல்ல கிளம்பியிருக்கு. கிருமியைக் கொல்ற சக்தி அவட உடம்பையே கடிக்குது. வெட்டவே ஒண்ணா, வெட்ட வெட்ட வளரும். மருந்துக் குளிசை இருக்கு. ஆனா நேர்ல பாக்காமத் தர ஏலாதாம்."

ஒட்டாது. தங்கச்சி, ஒட்டாது! அந்தக் கூடாரத்துக்குள்ளேயே நான் சத்தமாக அழுதுவிட்டேன். டிலக்சனுக்குப் பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் புறப்படு. அவர்கள் ஞாயிறு வரைதான் இருப்பார்கள்.

அக்கா


மண்டூர்
17.01.2006

அக்கா,

பொங்கலுக்கு நான் எழும்பி நின்று பானை வைத்தேன். அப்பா அயல் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தக் கொழும்பு டொக்டர் தந்த குளிசையால் புண் மூடிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு நகமளவுதான் திறந்திருக்கிறது. புதிதாக வந்த தோல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது, தழும்பு சல்லடை போல இருக்கிறது. வயிறும் அடங்கிவிட்டது. போன மாதம் பாதையில் போய்த் திரும்பிவந்தேன், இடையில் எங்கும் ஓடவில்லை. கிளினிக்கில் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ என் விருப்பத்துக்குச் செய்யக்கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். முகம் மட்டும் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. "சதை பிடிச்சிட்டு" என்று அப்பா சந்தோஷப்படுகிறார். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

உனக்குச் சொல்லாமல் ஒன்று நடந்தது. களுதாவளையிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மறைத்துக் கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. குடல், கால் எல்லாவற்றையும் நானே அவரிடம் சொன்னேன். "ஒட்டுமா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். தலையாட்டினார். ஆனால் தன் இரண்டு கால்களையும் மெதுவாகக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நீ பிள்ளை உண்டாகியிருக்கிறாய் என்று அத்தான் சொல்லியனுப்பினார். நீ எழுதவில்லை. எழுதப் பயமாக இருக்கும். எனக்கும் அதைப் பற்றிக் கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது.

தக்ஷா


நாவற்குடா
08.01.2007

தங்கச்சி,

இது எப்போது உன் கையில் சேருமோ தெரியாது. சண்டை தொடங்கிப் பாதை நின்று எத்தனை நாளாகிவிட்டது. ஆற்றின் அந்தப் பக்கம் செல் குண்டு விழுகிற சத்தம் இங்கே கோப்பைகளை ஆட்டுகிறது.

உன் குளிசை என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்குப் போய் உன் அட்டையைக் காட்டி வாங்கி வைக்கிறேன். கொடுத்தனுப்ப ஒருவரும் இல்லை. கோயில் வாகனம் ஒன்று அந்தப் பக்கம் போகிறதென்று கேள்விப்பட்டு ஓடினேன். "கடிதமெண்டாக் கொண்டு போறன் அக்கா. மருந்து கண்டா ஆமிக்காரனுகள் என்னைப் பிடிப்பானுகள்" என்று டிரைவர் கும்பிட்டுச் சொன்னான். அவனை நான் என்ன சொல்ல?

கையில் இருப்பதைப் பாதியாக உடைத்துக் குடி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, ஒரேயடியாக விடாதே. நபீஸாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு விதுர்ஷா என்று பெயர் வைத்தோம். பெயர் வைக்க நீ இல்லை.

அக்கா


மண்டூர்
22.07.2007

அக்கா,

சொல்லாமல் புறப்பட்டு வந்தது பிழை என்று அப்பா ஏசுகிறார். சொல்லிவிட்டு வர எனக்கு வாயில்லை. இப்போது எழுதுகிறேன்.

மாசியில் குளிசை முடிந்தது. பங்குனியில் ஊரே எழும்பி ஆற்றைக் கடந்தபோது இரண்டு காலும் திறந்திருந்தன. அப்பா என்னைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தார். சுனாமிக்குக் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் ஒன்றை எனக்கு ஒதுக்கித் தந்தாய். புண் நாறியது. உன் மாமி சீதேவிப்பிள்ளை எனக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு வைத்தார். அது எனக்கு நோகவில்லை. அவர் யார் சொல்லியும் கேட்டவரல்ல.

அந்தச் செவ்வாய்க்கிழமை விதுர்ஷா தவழ்ந்து தவழ்ந்து என் அறைக்குள் வந்தாள். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். முதன்முதலாக நின்றாள் அக்கா. நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ பார்க்க வேண்டும் என்று. நீ குசினியிலிருந்து ஓடிவந்தாய். பிள்ளை நிற்பதை நீ பார்க்கவில்லை. பறித்துக்கொண்டு போனாய். கிணற்றடியில் அவள் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு தரமல்ல, திரும்பத் திரும்பக் கழுவினாய். அவள் கத்தினாள்.

மற்றவர்கள் செய்தால் தெரியாமல் செய்கிறார்கள் என்று மனதைத் தேற்றலாம். ஒட்டாது என்று எனக்கு எழுதி அனுப்பியவளே நீதான். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் நான் ஆட்களுக்கு முன்னால் நடந்தேன்.

ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு பஸ் விட்டார்கள். ஏறி வந்துவிட்டேன். கூரையில் ஓடு இல்லை, மற்றபடி வீடு இருக்கிறது.

தக்ஷாயினி


நாவற்குடா
05.08.2007

தங்கச்சி,

கழுவினேன். ஓம். இல்லையென்று எழுதமாட்டேன்.

ஒட்டாது என்று எனக்குத் தெரியும். இப்போதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கழுவினேன். ஏற்கெனவே ஒரு பிள்ளை இந்தக் கையிலிருந்து போயிருக்கிறது. மறுகா ஒன்றைப் பிடித்திருக்கிற கைக்கு டொக்டர் சொன்னது எதுவும் விளங்குவதில்லை. நான் முடிவெடுத்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது. செய்து முடித்த பிறகுதான் நீ கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ தந்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. இனிச் செய்யமாட்டேன் என்று எழுதலாமென்று பேனையை எடுத்தேன். அந்த வாக்கு எனக்கு வரவில்லை. திரும்பவும் செய்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

குளிசையைக் கொடுத்தனுப்புகிறேன். குடிக்காமல் விட்டு என்னைத் தண்டிக்காதே. பிள்ளை இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள்.

அக்கா


கண்டி, ஆஸ்பத்திரி
16.11.2008

அக்கா,

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. குளிசை ஒவ்வொரு மாதமும் வந்தது, கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

இங்கே கொண்டுவந்ததை அப்பா சொல்லியிருப்பார். குளிசைக்கு அடங்காமல் இரத்தம் போய்ப்போய், கடைசியில் பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு வாய் வைத்து, அதன்மேல் பை ஒட்டியிருக்கிறார்கள். இனி எல்லாம் அதில்தான். வெட்டச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், குடல் போனால் புண்ணும் போகக்கூடும் என்று டொக்டர் சொன்னது. போகும் என்று சொல்லவில்லை, போகக்கூடும் என்றுதான் சொன்னார். நான் போகும் என்று கேட்டுக்கொண்டேன்.

கால் ஆறியது அக்கா. இரண்டு காலும். வார்ட்டில் எல்லோரும் பார்க்கக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண் சிரித்துக் கை காட்டினாள்.

பிறகு பைக்குப் பக்கத்தில் ஒரு பரு வந்தது. ஓரத்தில் அதே நிறம். நேர்ஸ் கூப்பிடுவதற்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அந்த வாயைச் சுற்றிப் புண். புண் ஈரமென்பதால் பை ஒட்டுவதில்லை, ஒட்டாததால் ஒழுகுகிறது, ஒழுகுவதால் புண் எரிகிறது. வேறொரு மருந்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டுமாம்.

இதை உனக்குத்தான் எழுத வேண்டும் போலிருந்தது. வேறு யாருக்கும் விளங்காது.

தக்ஷா


நாவற்குடா
21.05.2009

தங்கச்சி,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். முன்பே வந்திருக்க வேண்டும், எனக்குக் கால் எழும்பவில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். கொடி பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், நின்றோம். பக்கத்து வீட்டில் வன்னிக்குப் போன மகனைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. அந்தத் தாய் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறா.

இனிப் பாதை ஒழுங்காக ஓடுமாம். மறிக்கமாட்டார்களாம். நான் உன்னிடம் வராததற்குச் சொல்லக் காரணம் எதுவும் இனி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்றால் ஆள் அனுப்பு.

அக்கா


மண்டூர்
14.06.2009

அக்கா,

நீங்கள் போன பிறகு வந்த கிளினிக்கில் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். குளிசையைக் கூட்ட முடியாது, இடுப்பெலும்பு உதிரத் தொடங்கிவிட்டது, சீனி வருத்தமும் வந்துவிட்டது. குறைத்தால் புண் பெரிதாகும். வேறு மருந்து வெளிநாட்டில் இருக்கிறதாம், இங்கே இல்லை. "இப்பிடியே வச்சிருந்து பாப்பம்" என்றார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். காலில் மறுபடியும் இரண்டு இடத்தில் திறந்திருக்கிறது.

எல்லோரும் முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இது முடியாது அக்கா. இனி நீ டொக்டர்மாரைத் தேடித் திரியாதே. பிள்ளையைப் பார்.

அன்று நீ அப்பாவோடு வாசலில் கதைத்துக்கொண்டிருந்தபோது விதுர்ஷா உள்ளே வந்தாள். கட்டுப் போட்ட காலை நன்றாகக் குனிந்து பார்த்தாள். "நோகுதா சின்னம்மா?" என்று கேட்டாள். இந்த ஆறு வருடத்தில் இப்படி ஒருவரும் கேட்கவில்லை. நாறுதா, ஒட்டுமா, எப்ப ஆறும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "இல்ல மனே" என்றேன். அவள் நம்பிவிட்டாள். உடனே பக்கத்தில் உட்கார்ந்து என் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் உன்னைக் கண்டேன். நீ கதவு நிலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். விரலெல்லாம் வெளுத்திருந்தது. பிள்ளையைப் பறிக்க வரவில்லை. அங்கேயே நின்றாய்.

அவள் தலை வைத்தது சரியாகப் புண்ணின்மேல். கண் இருண்டது. எனக்கு உயிர் போய் வந்தது.

தலையை எடு என்று நான் சொல்லவில்லை.

தக்ஷா